பதம் பார்த்த பல்

டைஸ்டோ அதைப் பால் வாங்கிய பையில் கொண்டுவந்தான்.
மரம் அறுக்கும் எந்திரத்தின் சங்கிலி,
பிசினும் எண்ணெயும் தூளும் அப்பியபடி.
"இதுதான்" என்றான்.
எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.
இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும்
போன அக்டோபரிலிருந்து இல்லை.
இடக்கைக்காரன் வேறு.

"கத்தியாக்கு."
"எதற்கு?"
"வெளியே விட்டால் இன்னொருத்தனைக் கடிக்கும்.
வீட்டிலேயே கிடக்கட்டும்."

கூமோவில் அன்றைக்குப் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
பெட்ரோலில் ஊறவைத்தேன்.
பழைய டூத்பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாய்த் தேய்த்தேன்.
சிரிக்காதீர்கள், பிசின் ஒரு பொட்டு மிஞ்சினாலும்
இரும்பு இரும்போடு ஒட்டாது.
ரத்தத்தையும் தேடினேன், ஒப்புக்கொள்கிறேன்.
பைன் பிசினும் காய்ந்தால் கறுப்புத்தான்.

சதுரக் குழாய் ஒன்று.
உள்சுவரில், பள்ளிப் பிள்ளைகள் பிழை மறைக்கும்
வெள்ளை மை இரண்டு பூச்சு.
சங்கிலியை மடித்து இறக்கி
இடுக்கெல்லாம் எஃகுத் தூள் ஊற்றி
தட்டி, குலுக்கி, இன்னும் ஒரு கரண்டி,
தலைதட்டி, மூடி வைத்து
நாலு பக்கமும் பற்றவைத்தேன்.
இனி உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது.
எனக்கும்.

முதலில் செம்பு. பிறகு ஆரஞ்சு.
பிறகு வெண்ணெய்போல் ஒரு மஞ்சள் வரும்,
நிழலே இல்லாத மஞ்சள்.
வந்ததும் எடுக்கக் கூடாது.
வந்த பிறகும் அரை மணி.
அவசரக்காரர்களின் கத்திகளை எனக்குத் தெரியும்,
ஒருநாள் வெங்காயமாய் உரியும்.

அழுத்தும் எந்திரம் முதல் தடவை
அறிமுகமில்லாதவர் கைகுலுக்குவதுபோல் இறங்கியது.
இரண்டாம் தடவை கொஞ்சம் உரிமையோடு.
ஆறாம் சூட்டில் சத்தம் மாறியது.
அதுவரை மூட்டை. அதற்குப் பின் கட்டி.
இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குழாயை அரைத்துக் கழித்தேன்.
நீட்டினேன், நுனி இழுத்தேன், ஓரம் எடுத்தேன்.
சங்கிலியில் பாதிக்கு மேல்
தரையில் தூளாய்க் கிடந்தது.
கூட்டி வாளியில் கொட்டினேன்.

சமையல் எண்ணெயில் முக்கியபோது
பட்டறை முழுக்கப் பொரியல் வாசம்.
பிறகு வீட்டு அவனில் இருநூறு டிகிரி,
இரண்டு மணி நேரம், இரண்டு முறை.
யோர்மாவின் மீன் ரொட்டி மாவாகவே காத்திருந்தது.
அவன் என்னை முறைத்தான், கத்தியை அல்ல.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
கத்திக்கு அப்படி இல்லை,
அங்குலம் அங்குலமாய்ப் பார்க்க வேண்டும்.

கடுந்தேநீர் நிறத்து அமிலத்தில் இறக்கினேன்.
தூள் கறுத்தது.
நிக்கல் கலந்த சங்கிலி கறுக்க மறுத்தது.
நசுங்கி, சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்றாய்
பல் பல்லாய் மேலே வந்தன.

சனிக்கிழமை டைஸ்டோ கண்ணாடி போட்டுக்கொண்டு
ஜன்னலோரம் நின்றான்.
அடையாள அணிவகுப்பு.
"இவன் இல்லை. இவனும் இல்லை."
மூன்று விரல் கையின் சுட்டுவிரல்
நுனியிலிருந்து ஊர்ந்து வந்தது.
பிடிக்குச் சற்று முன்னால் ஒன்று,
மூக்கு வளைந்து, சப்பையாய்.
"இவன்தான்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
வாளி அவன் முழங்காலுக்குப் பின்னால் இருந்தது.

பிடி, பிர்ச் பட்டை அடுக்கியது.
முதல் நாளே களிமண்ணை அவன் கையில் கொடுத்து
இறுக்கச் சொல்லியிருந்தேன்,
அந்தப் பிடிப்பை அப்படியே செதுக்கினேன்.
அவன் வருமுன் நானும் பிடித்துப் பார்த்தேன்.
என் இரண்டு விரல்களுக்கு
அதில் இடமே இல்லை.

கூலி, பிர்ச் விறகு, இரண்டு கன மீட்டர்.
புதுச் சங்கிலியால் அறுத்தது,
அறுத்த முகங்கள் தட்டுப்போல் வழவழவென்று.
அடுக்கி முடிக்கும்வரை
நான் கையுறையைக் கழற்றவில்லை.